17, 20, 23: எந்த வயது பெரியது?

அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் சண்டை நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி வேகும் நேரத்தில் வருகிறது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அக்கா மகன் ஞாயிறுதோறும் தவறாமல் வருவதற்கு என் மீதுள்ள பாசம் காரணமென்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் உண்டு. உண்மையில் அவன் வருவது யூஎஃப்சி பார்ப்பதற்காக; குத்து, உதை, மல்யுத்தம், பூட்டு எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக் கலை) சண்டைகளைக் கூண்டுக்குள் நடத்தும் அமெரிக்க நிறுவனம் அது. சென்ற வாரம் இரண்டாவது ஆட்டத்துக்கும் மூன்றாவது ஆட்டத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில், இளம் வயதில் சாம்பியன் ஆனவர்களில் யார் பெரியவர் என்பதற்கு அவன் ஒரு தீர்ப்பைச் சொன்னான்: "டைசன் இருபது வயசுலயே பெல்ட்டு வாங்கிட்டாம்லா மாமா. ஜான் ஜோன்ஸுக்கு இருபத்துமூணு. கணக்கு அங்கனயே முடிஞ்சுபோச்சே." அந்தக் கணக்கு முடியவில்லை என்று எழுதத்தான் இந்தப் பதிவு.

முதலில் எண்களைச் சரியாக வைத்துக்கொள்வோம். குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் 1986 நவம்பர் 22 அன்று லாஸ் வேகஸில் டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தி டபிள்யூபிசி (உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில்) ஹெவிவெயிட் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 20, அதற்கு மேல் நான்கு மாதம் சொச்சம். எம்.எம்.ஏ. வீரர் ஜான் ஜோன்ஸ் 2011 மார்ச் 19 அன்று நியூவார்க்கில் மவுரீசியோ ருவாவை மூன்றாவது ரவுண்டில் நிறுத்தி யூஎஃப்சி லைட் ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்தபோது அவருக்கு 23 வயதும் எட்டு மாதமும். யூஎஃப்சியின் மிக இளைய சாம்பியன் என்ற பெயர் அன்று வந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் மருமகன் சொல்வது சரிதான். ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை என்று யார் சொன்னது?

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் சிலம்பம் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கம்பு சுழற்றும் வேகத்தில் நாற்பது வயதுக்காரரைத் திணற அடித்துவிடுவான், ஊரே கைதட்டும். அதே பையன் கையிலிருந்து கம்பை வாங்கி வைத்துவிட்டு, குத்துவரிசையும் பிடியும் பூட்டும் தெரிந்த ஆசான் ஒருவர் முன் நிறுத்தினால், அவனுடைய வேகம் பாதி நேரம் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும். ஒரு கலையில் இளம் வயதிலேயே உச்சம் தொடலாம். நான்கைந்து கலைகளைச் சேர்த்து ஆட வேண்டிய இடத்தில் காலம் கூடுதலாகவே கேட்கும். பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டை வாங்கவே பெரும்பாலோருக்குப் பத்தாண்டு ஆகிறது. அமெரிக்க மல்யுத்த வீரர்களில் பலர் கல்லூரி முடித்து இருபத்திரண்டு வயதில்தான் கூண்டுக்குள் வருகிறார்கள், அதன் பிறகுதான் குத்தவும் உதைக்கவும் கற்கத் தொடங்குகிறார்கள்.

குத்துச்சண்டையில் வழி வேறு. மெக்சிகோவிலும் புவெர்ட்டோ ரிக்கோவிலும் பதினைந்து வயதில் காசு வாங்கிச் சண்டையிடத் தொடங்கியவர்கள் உண்டு. கையில் எடுத்த பையனை, புரமோட்டர் என்பவர் கன்றுக்குட்டிக்குப் புல் காட்டுவது போல ஒவ்வொரு எதிராளியாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார். பட்டங்களும் ஏராளம்: பதினேழு எடைப்பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பெரிய அமைப்புகள், ஆக ஒரே நேரத்தில் 68 பேர் வரை உலக சாம்பியன் என்று சொல்லிக்கொள்ள இடமுண்டு. யூஎஃப்சியில் ஆண்களுக்கு எட்டு எடைப்பிரிவுகள், ஒரு பிரிவுக்கு ஒரே பெல்ட். இடைக்காலப் பட்டம் என்று அவர்கள் அவ்வப்போது அடிக்கும் கூத்தை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்த வேறுபாட்டைக் காட்ட 2011 மார்ச் மாதம் ஒன்றே போதும். ஜோன்ஸ் பட்டம் வென்றதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு, மார்ச் 5 அன்று, மெக்சிகோக் குத்துச்சண்டைக்காரர் கனேலோ ஆல்வரெஸ் இருபது வயதில் டபிள்யூபிசி லைட் மிடில்வெயிட் பட்டத்தை வென்றார். அதற்குள் அவர் முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட தொழில்முறைச் சண்டைகளை முடித்திருந்தார். அன்று எதிரே நின்ற மேத்யூ ஹாட்டன், அதற்குக் கீழான வெல்டர்வெயிட்டில் ஆடிவந்தவர். பட்டமும் காலியாகக் கிடந்தது. ஜோன்ஸுக்கோ அது பதினான்காவது தொழில்முறைச் சண்டை. 2008 ஏப்ரலில்தான் முதல் சண்டை. மூன்று வருடம்கூட நிறையவில்லை. எதிரே நின்றவர் பதவியிலிருந்த சாம்பியன், 2005இல் ஜப்பானின் பிரைடு கிராண்ட் பிரி என்ற எம்.எம்.ஏ. போட்டித்தொடரை வென்றவர். வயதில் மூன்று ஆண்டு மூத்தவர் ஜோன்ஸ். தொழிலில் பார்த்தால் கனேலோவுக்கு முன் அவர் பச்சைக் குழந்தை. கனேலோவைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை, பிற்காலத்தில் அவர் செய்தது எல்லோருக்கும் தெரியும். அந்த மாதம் அவர் கையில் ஏறிய பெல்ட்டின் எடையை மட்டும் சொல்கிறேன்.

ருவாவைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் பத்து மாத இடைவெளியில் அவர் வந்தார், அன்று அவர் பழைய ருவா இல்லை. ஜோன்ஸுக்கும் முழுத் தயாரிப்பு இருக்கவில்லை. பிப்ரவரி 5 அன்று ரையன் பேடரை வென்ற கூண்டிலேயே, ருவாவோடு மோதவிருந்த ரஷாத் எவன்ஸுக்குக் காயம், அடுத்த மாதம் நீ பட்டத்துக்கு ஆடுகிறாயா என்று அவரிடம் கேட்டார்கள். ஆறு வாரம். இது எல்லாவற்றுக்கும் மேலாக, சண்டை நாளன்று பகலில் பயிற்சியாளர்களோடு பேட்டர்சன் நகர அருவிப் பூங்காவுக்குத் தியானம் செய்யப் போனவர், வயதான தம்பதியிடம் கொள்ளையடித்து ஓடிய ஒருவனைத் துரத்திப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்து இரவில் பெல்ட் வென்றார். கதையாக எழுதினால் நம்ப மாட்டார்கள்.

அதற்குப் பின் வந்ததுதான் என் வாதத்தின் நடுத்தூண். குவின்டன் ஜாக்சன், லியோட்டோ மச்சிடா, ரஷாத் எவன்ஸ், விட்டோர் பெல்ஃபோர்ட். ருவாவையும் சேர்த்து, 2011 மார்ச்சிலிருந்து 2012 செப்டம்பர் வரையிலான பதினெட்டு மாதத்தில் அவர் வரிசையாக வென்ற ஐந்து பேருமே யூஎஃப்சி பட்டம் ஒருமுறையாவது இடுப்பில் கட்டியவர்கள். ஐந்து பேரின் பாணியும் வேறு வேறு. மச்சிடா கராத்தேயின் தள்ளி நின்று குத்தும் ஆட்டக்காரர். அவரை ஜோன்ஸ் நின்றவாக்கிலேயே கழுத்தைப் பூட்டி மயங்க வைத்தார். பெல்ஃபோர்ட் முதல் ரவுண்டிலேயே ஜோன்ஸின் கையைப் பூட்டி ஏறக்குறைய ஒடித்தே விட்டார். அந்தக் கையோடு ஆடி ஜோன்ஸ் நான்காவது ரவுண்டில் முடித்தார். கடைசிச் சண்டை முடியும்போது அவருக்கு வயது 25. இந்தப் பதினெட்டு மாதத்துக்கு இணையான ஒரு தொடக்கம் எம்.எம்.ஏ.வில் வேறு எந்த இளைஞருக்கும் இருந்ததாக நான் கருதவில்லை.

டைசனின் பக்கத்தையும் அதே அக்கறையோடு வைக்கிறேன், ஏனென்றால் எண்பதுகளின் கடைசியில் அவருடைய வீடியோ கேசட்டைத் தேடி அலைந்தவன் நான். 1985 மார்ச்சில் தொடங்கிய மனிதர் இருபது மாதத்தில் 28 சண்டை முடித்து சாம்பியன் ஆனார். பெர்பிக் ஒரே குத்தில் விழுந்து, எழ முயன்று, மறுபடி விழுந்து, மறுபடி முயன்று, மூன்றாவது முறை நடுவர் பிடித்து அணைத்துக்கொண்ட காட்சியைப் பார்த்தவர் மறக்க மாட்டார். டைசனை வளர்த்த பயிற்சியாளர் கஸ் டமாட்டோ, முப்பது ஆண்டுக்கு முன் ஃபிளாய்ட் பாட்டர்சனை 21 வயதில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆக்கியவர். தன் பழைய மாணவரின் சாதனையைத் தன் கடைசி மாணவர் முறியடிப்பதைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை, ஓராண்டு முன்பே காலமாகிவிட்டார். 1987 ஆகஸ்டில், அன்றிருந்த மூன்று பெரிய அமைப்புகளின் பெல்ட்டுகளும் டைசனிடம் சேர்ந்தன. 1988 ஜூனில், தொழிலில் அதுவரை தோற்றிராத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் வீழ்த்தினார். எதிராளிக்கு ஊட்டும் அச்சத்தை அளக்கக் கருவி இருந்தால், அந்தக் கருவியில் ஜோன்ஸ் டைசனின் பக்கத்தில்கூட வர மாட்டார்.

ஆனாலும் எதிராளிகளின் பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள். பெர்பிக் அந்தப் பெல்ட்டை வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்நாளில் ஹெவிவெயிட் பெல்ட்டுகள் கைமாறிக் கைமாறி யாரிடமும் நிலைக்கவில்லை. முன்னாள் சாம்பியன் லாரி ஹோம்ஸ் 38 வயதில், ஏறக்குறைய இரண்டாண்டு ஓய்வுக்குப் பின் வந்து நின்றார். ஸ்பிங்க்ஸ் இயல்பில் லைட் ஹெவிவெயிட்காரர். டைசன் தனக்குக் கிடைத்த எல்லோரையும் அடித்தார், அதில் அவர் குற்றம் எதுவுமில்லை. ஆனால் ஹோம்ஸின் காலம் முடிந்து ஹோலிஃபீல்டின் காலம் தொடங்காத இடைவெளியில் அவருக்குக் கிடைத்தவர்கள் அவ்வளவுதான். 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ், ஜாப் என்னும் முன்கை நேர்க்குத்தைப் போட்டுத் தள்ளி நிறுத்தி, பின்வாங்க மறுத்து, பத்தாவது ரவுண்டில் அவரைப் படுக்க வைத்தபோது டைசனுக்கு வயது 23. ஜோன்ஸ் சாம்பியனாகத் தொடங்கிய அதே வயது.

இருவரையும் ஒரே கூண்டில் விட்டால் யார் வெல்வார் என்ற கேள்விக்கு நான் நேரம் செலவிட மாட்டேன். முன்பு குத்துச்சண்டையில் மூன்று எடைகளில் சாம்பியனாக இருந்த ஜேம்ஸ் டோனியை 2010இல் யூஎஃப்சி கூண்டில் ராண்டி கூட்டூர் சில விநாடியில் தரையில் சாய்த்துக் கழுத்தை நெரித்தார். 2017இல் யூஎஃப்சியின் மெக்ரெகரைக் குத்துச்சண்டை விதியில் மேவெதர் பத்து ரவுண்டு வரை நடத்திக் கூட்டிப்போய் முடித்தார். யாருடைய விதியில் ஆடுகிறோமோ அவர்தான் வெல்கிறார்.

என் வாதத்துக்கு எதிராக மருமகன் ஒரு நல்ல ஆளைக் கொண்டுவந்தான். 2016 மே மாதம் சிங்கப்பூரில் ஏஞ்சலா லீ என்ற பெண் 19 வயதில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற ஆசிய எம்.எம்.ஏ. அமைப்பின் பட்டத்தை ஐந்து ரவுண்டு ஆடி வென்றார், அப்படியானால் எம்.எம்.ஏ.வில் வயது கூடும் என்று எப்படிச் சொல்லலாம் என்றான். அந்தப் பிரிவின் முதல் பட்டம் அது என்பதால் பதவியிலிருந்த சாம்பியன் எதிரே இல்லை என்று நான் சமாளித்தேன். ஆனால் அவன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பெற்றோரே பயிற்சியாளர்களாக இருக்கும் வீட்டில் பிறந்து, நடக்கத் தொடங்கியது முதல் எல்லாக் கலைகளையும் சேர்த்தே கற்ற தலைமுறை அது. யூஎஃப்சியில் ரவுல் ரோசாஸ் ஜூனியர் பதினேழு வயதில் ஒப்பந்தம் வாங்கினார்; ஜோன்ஸின் சாதனையை முறியடிக்க அவருக்கு 2028 ஜூன் தொடக்கம் வரை நேரமிருக்கிறது. அவரால் முடியாது என்பது என் கணிப்பு, ஆனால் அவருக்குப் பின் யாரோ ஒருவர் முறியடிப்பார்.

இத்தனையும் பேசியபின், என் வரிசையில் முதலிடம் இந்த இருவருக்குமே இல்லை என்றேன். 1976 மார்ச் 6, புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான். வில்ஃபிரெட் பெனிட்டெஸ், வயது பதினேழரைக்குச் சற்றுக் குறைவு, இன்னும் பள்ளி மாணவர். எதிரே அன்டோனியோ செர்வான்டெஸ், கொலம்பியாவின் 'கிட் பாம்பெலே', பட்டத்தைப் பத்து முறை தக்கவைத்த முப்பது வயது சாம்பியன். காலிப் பட்டமும் இல்லை, சாய்ந்த சாம்பியனும் இல்லை, முதல் ரவுண்டில் விழுந்த அதிர்ஷ்டக் குத்தும் இல்லை. பதினைந்து ரவுண்டு, 45 நிமிடம், அந்த நேரம் முழுதும் ஒரு பையன் உலகின் மிகச் சிறந்த குத்துச்சண்டைக்காரர் ஒருவரைத் தவறவைத்துக்கொண்டே இருந்து நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பில் வென்றான். ரேடார் என்று பெயர் வந்தது சும்மா இல்லை. 22 வயதிலேயே மூன்று எடைகளில் பட்டம் வென்றவருக்குப் பின்னாளில் மூளை பாதிக்கப்பட்டு, தாயும் பிறகு சகோதரியும் பார்த்துக்கொள்ளும் நிலை வந்தது. பதினைந்து வயதில் தொடங்கிய தொழில் என்பதையும் அந்தப் பதினேழோடு சேர்த்தே நான் படிக்கிறேன்.

ஆக, என் வரிசை: பெனிட்டெஸ், ஜோன்ஸ், டைசன். ஜோன்ஸின் பிற்கால ஊக்கமருந்துச் சர்ச்சைகளும் பறிக்கப்பட்ட பட்டங்களும் எனக்குத் தெரியும். அந்தப் பதினெட்டு மாதத்தை மட்டுமே எடைபோட்டிருக்கிறேன்.

மருமகன் ஒப்புக்கொள்ளாமல்தான் பைக்கை எடுத்துக்கொண்டு வண்ணார்பேட்டைக்குப் போனான். அன்று இரவு பத்தரைக்கு ஒரு செய்தி வந்தது. செர்வான்டெஸ் சண்டையின் வீடியோவைத் தேடிப் பிடித்திருக்கிறான், பதினொன்றாவது ரவுண்டு ஓடிக்கொண்டிருக்கிறதாம். "மாமா, இந்தப் பய அடி வாங்கவே மாட்டேங்காம்லா."