சுவரில் இடம் உண்டு, வாடகைக்கு வீடு இல்லை

சென்னை சாலிகிராமத்தில் ஒரு பழைய மாடி வீட்டின் மொட்டைமாடியில் பதினோரு ஆண்டுகளாகப் பறை பழகிவந்தோம். சென்ற மாதம் அதைக் காலி செய்துவிட்டோம். வீட்டுக்காரர்மீது எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகள் வற்புறுத்தியதால் வீட்டை இடித்துக் கட்ட பில்டரிடம் கொடுத்துவிட்டார். என் கோபமெல்லாம் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் நடந்தவற்றின் மீதுதான். பக்கத்து மனையில் அடுக்குமாடி எழுந்து, அதில் குடிவந்தவர்கள் சங்கம் அமைத்த நாள்முதல் எங்கள்மீது புகார் ஓயவே இல்லை. மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கெல்லாம் முடித்துவிடுவோம். வாசிக்கும் முன் பறையைக் காய்ச்சக் கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்துவோம். அந்தப் புகையும் குற்றமாயிற்று. "இந்தச் சாவு மேளத்தைக் கேட்டால் ஃபிளாட் வாங்க வருகிறவன் திரும்பிப் போய்விடுவான்" என்று அந்தச் சங்கத்துக்காரர் ஒருவர் என் மாணவர்கள் முன்னிலையிலேயே சொன்னார். அதே சங்கம் பொங்கல் விழாவுக்குப் பறையிசை வேண்டும் என்று எங்களைத்தான் அழைத்தது. தெருமுனைச் சுவரிலோ, பறையடிக்கும் ஒருவரின் உருவம் இரண்டு ஆள் உயரத்துக்கு வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. படமாக இருக்கும்வரை பிடிக்கிறது. பக்கத்து வீட்டில் குடியிருந்து பழகினால் பொறுக்க முடியவில்லை. இந்த அருவருப்பில் சாதியும் கலந்திருக்கிறது என்பதை நான் மென்று விழுங்கப்போவதில்லை.

சாலிகிராமமும் வடபழனியும் கலைஞர்களால் பெயர் பெற்ற இடங்கள். ஏவி.எம்., விஜயா வாஹினி, பிரசாத் என்று ஸ்டுடியோக்கள் கூப்பிடு தூரத்தில் இருந்ததால்தான் நடனக் குழுவினரும், சண்டைக் கலைஞர்களும், வாத்தியக்காரர்களும், உதவி இயக்குநர்களும் இங்கே ஒற்றை அறைகளில் தங்கினார்கள்; விடியற்காலை அழைப்பு வந்தால் நடந்தே போய்விடலாம் என்பதே அந்த அறைகளின் மதிப்பு. விஜயா வாஹினி இருந்த நிலத்தில் 2013-ல் வணிக வளாகம் திறந்தது, 2015-ல் வடபழனிக்கு மெட்ரோ ரயில் வந்தது. ஒற்றை அறைகள் ஒவ்வொன்றாக இடிந்தன. ரயில் வந்ததை நான் குறைசொல்லவில்லை. அதற்கு முன்பே இங்கு வாழ்ந்தவர்கள் அதில் ஏறிப் பயணம் செய்ய இங்கேயே இருக்க முடியவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

புது இடம் தேடிப் போனால் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்த வரம்பு இல்லை என்று அதே வரியில் வழியும் விட்டிருக்கிறது. மாதத்தில் நான்கு நிகழ்ச்சி கிடைத்தால் அதிகம் என்றிருப்பவன் எந்தத் துணிவில் அந்த ஒப்பந்தத்தை மறுப்பான்? அட்வான்ஸ் கொடுக்கத் தயாரானாலும், "என்ன வேலை?" என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்னவுடன் வீடு இல்லை என்றாகிவிடுகிறது.

எங்கள் நிலையாவது வாடகையோடு போயிற்று. கூவம் கரையிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களை நினைத்தால் நெஞ்சு எரிகிறது. கானாவும் சாவு மேளமும் அந்தக் குடிசைப் பகுதிகளின் கலை, தொழில், இரண்டும்தான். இரவு பதினொரு மணிக்கு ஒரு துக்க வீட்டிலிருந்து ஆள் வரும். அரை மணி நேரத்தில் ஐந்து பேர் கருவிகளோடு புறப்பட வேண்டும். நகரின் தென்கோடியில் இருக்கும் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் அந்த நேரத்தில் எந்தப் பேருந்தைப் பிடித்து நகருக்குள் வருவார்கள்? தீவுத்திடலை ஒட்டிய சத்தியவாணி முத்து நகரில் 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவிலேயே, வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு கண்ணகி நகரின் அடுக்கு வீட்டுச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் தீட்டப்பட்டன. ஓவியர்களின் உழைப்பை மதிக்கிறேன், அங்குள்ள குழந்தைகள் அவற்றை விரும்புவதும் உண்மை. ஆனால் அந்தச் சுவருக்குள் இருப்பவருக்குத் தொழில் போய்விட்டதே, அதற்கு எந்த வண்ணம் பூசுவது?

ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விலை எங்கோ போய்விட்ட பிறகும் அது நிற்கிறது என்றால், மண் அவர்களுடைய பெயரில் இருப்பதுதான் காரணம். இன்று எந்தக் கலைஞர் கூட்டம் கைத்தொழில் விற்றுச் சென்னையில் நிலம் வாங்கும்? அரசு நிலத்தை எழுதித் தரச் சொல்லவில்லை. மாநகராட்சிப் பள்ளிகளும் சமுதாய நலக்கூடங்களும் மாலையில் பூட்டித்தானே கிடக்கின்றன, அவற்றில் இரண்டு மணி நேரம் பழக அனுமதி கொடுங்கள் என்று மன்றாடுகிறோம். இரண்டு இடங்களில் மனு கொடுத்தேன், பதில் வரவில்லை.

இப்போது ஞாயிறு காலைகளில் ஒரு மேம்பாலத்தின் அடியில் பழகுகிறோம். பதினான்கு மாணவர்களில் ஐந்து பேர்தான் வருகிறார்கள். மற்ற ஒன்பது பேரின் பறைகள் என் வீட்டுப் பரணில் கிடக்கின்றன.