அந்தியோகியா பந்தியும் நம்ம மனுஷ பயமும்

"மனுஷனுக்குப் பயப்படும் பயம் கண்ணியை வருவிக்கும்", நீதிமொழிகள் 29:25. இந்த வசனத்தில் பிரசங்கம் என்றால் உதாரணத்துக்கு யார் வருவார்கள் என்று நம்ம சண்டே ஸ்கூல் பிள்ளைகளே சொல்லிவிடும். தானியேல், சிங்கக் கெபி, அப்புறம் ராஜாவின் சிலையை வணங்காததால் அக்கினிச் சூளையில் போடப்பட்ட சாத்ராக் மேஷாக் ஆபேத்நேகோ. நாமும் பலமாக ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிடுவோம். எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. நம்மை எந்த ராஜாவும் சூளையில் போடப்போவதில்லை. நம்ம பயமெல்லாம் சம்பந்தி வீட்டுக்கு, சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டிக்கு, வாட்ஸ்அப் குரூப்பில் பதிலே போடாமல் படித்துக்கொண்டிருக்கிற சித்தப்பாவுக்கு.

இதைப் பேச இயேசுவின் சீஷனான பேதுருதான் சரியான ஆள். ஆனால் நாம் அவர் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் ஒரு வேலைக்காரி கேட்டதற்கே இயேசுவை "அறியேன்" என்றார், பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு சிங்கமாக எழுந்தார், முடிந்தது கதை என்று சாட்சி சொல்லுகிறவர்கள் எல்லாரும் இதையே சொல்லுகிறார்கள். கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்துக்குப் போங்க. யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னால் நின்று பேசி, அடி வாங்கி, சிறைக்கும் போய்வந்த அதே பேதுரு, அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் "விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பயந்து, விலகிப் பிரிந்தான்". வந்தவர்கள் கையில் வாள் இல்லை. அவர்கள் யூத விசுவாசிகள், சொந்த ஜனம். என்ன செய்துவிடுவார்கள்? எருசலேமுக்குப் போய் "பேதுரு இப்போ இப்படி ஆகிட்டார்" என்று பேசுவார்கள், அவ்வளவுதான். அதற்கே எழுந்துவிட்டார். பவுலின் உடன் ஊழியர் பர்னபாவும் கூடவே போனார்.

சங்கத்தாருக்குப் பயப்படாத மனுஷன் சொந்தக்காரர்களுக்குப் பயந்தார். பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்கிற பயத்தை நம்ம ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வரன் தேடும்போது இது நன்றாகத் தெரியும். முழு இரவு ஜெபத்துக்கு வருகிற குடும்பம், பைபிள் முழுக்கக் கோடு போட்டிருக்கும், விளம்பரத்தில் மட்டும் "இரட்சிக்கப்பட்ட" என்பதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் இருக்கும். கேட்டால், "எங்களுக்கு ஒண்ணும் இல்ல பிரதர், சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்கன்னுதான்". இதேதான் அந்தியோகியாவிலும் நடந்தது. பேதுருவுக்கும் தனிப்பட்ட முறையில் ஒன்றும் இல்லை!

ஹிட்லரை எதிர்த்த போதகர் என்று நாம் கொண்டாடுகிற டீட்ரிக் போன்ஹோஃபருக்கும் இது நடந்தது. 1933 ஏப்ரலில் அவருடைய இரட்டைச் சகோதரி சபீனாவின் மாமனார் இறந்துபோனார். ஞானஸ்நானம் பெறாத யூதர். அடக்க ஆராதனையை நடத்தித் தரச்சொல்லி வீட்டார் கேட்டார்கள். இவர் சபை மேலதிகாரியிடம் யோசனை கேட்டார், அவர் வேண்டாம் என்றார், இவரும் மறுத்துவிட்டார். யூதர்களுக்காகச் சபை என்ன செய்யவேண்டும் என்று அதே நாட்களில்தான் தைரியமாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்க. அதே வருஷம் நவம்பரில் மைத்துனருக்குக் கடிதம் எழுதி, அப்போது எப்படி அவ்வளவு பயந்தேன் என்று வருந்தி மன்னிப்புக் கேட்டார். 1939-ல் அமெரிக்காவில் பத்திரமாக இருக்க வாய்ப்பிருந்தும் சில வாரங்களிலேயே ஜெர்மனிக்குத் திரும்பிய மனுஷனும், 1945 ஏப்ரல் 9 அன்று நாசிகளின் ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டவரும் இவர்தான். ஒரே ராத்திரியில் வந்த தைரியம் இல்லை இது.

அப்போ விசுவாசம் என்னதான் செய்கிறது? மத்தேயு 10-ல் "பயப்படாதிருங்கள்" என்று சொல்லும் இயேசு, எதிராளி பலவீனமானவன் என்று ஆறுதல் சொல்லவில்லை. சரீரத்தைக் கொல்ல அவர்களால் முடியும் என்று ஒத்துக்கொண்டே பேசுகிறார். அடுத்து, பிதாவின் சித்தமில்லாமல் தரையில் விழாத அடைக்கலான் குருவிக்கும், எண்ணப்பட்டிருக்கிற நம்ம தலைமயிருக்கும் போகிறார். ரொம்ப நாள் எனக்கு அந்தத் தாவல் புரியவில்லை. இப்போது புரிகிறபடி சொல்லுகிறேன். மனுஷ பயத்தின் அடியில் இருப்பது "என் லட்சணம் வெளியே தெரிஞ்சுபோச்சுன்னா?" என்கிற கேள்வி. என் தலைமயிர் வரைக்கும் எண்ணி வைத்திருக்கிறவருக்கு என் லட்சணம் முழுசாகத் தெரியும், தெரிந்தும் கைவிடவில்லை. இதை நிஜமாகவே நம்பினால் மற்றவர்கள் புதிதாகக் கண்டுபிடித்து என்னைப் பயமுறுத்த ஒன்றும் மிச்சமில்லை. கர்த்தருக்குப் பயப்படுதல் என்று நாம் சொல்லுவது இங்கேதான் உதவுகிறது, இல்லாவிட்டால் அது வெறும் சுவர் வாசகம்.

இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் வரும். "நான் மனுஷனுக்குப் பயப்படமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் சொல்லவே இல்லை. கிரேக்கரான தீத்துவுக்கு விருத்தசேதனம் பண்ண விடாத அதே பவுல், தீமோத்தேயுவின் ஊர்ப்பக்கத்து யூதர்களை முன்னிட்டு அவருக்குப் பண்ணினார். அன்பினால் விட்டுக்கொடுப்பது வேறு, பயந்து விட்டுக்கொடுப்பது வேறு, எது எதுவென்று உள்ளுக்குள் நமக்கே தெரியும். அப்புறம், நாலு பேரைப் பார்த்தாலே நெஞ்சு படபடத்து வியர்த்து ஊற்றுகிறது, வெளியே போகவே முடியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்க. ஜெபமும் பண்ணுங்க. "விசுவாசம் போதாது" என்று சொல்லி அப்படிப்பட்டவர்களை இன்னும் நசுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்போஸ்தலர் 4-ல், மிரட்டி அனுப்பப்பட்ட பிறகு சபையார் கூடி ஜெபித்தார்கள். மிரட்டல் நிற்கவேண்டும் என்று கேட்கவில்லை, "முழு தைரியத்தோடும்" பேச உதவி கேட்டார்கள். நாமும் அதைக் கேட்கலாம், சின்ன இடத்தில் பயன்படுத்தியும் பார்க்கலாம். வருஷாந்தரக் கூட்டத்தில் கட்டிட நிதிக் கணக்கை வேகவேகமாக வாசித்துவிட்டு "எல்லாருக்கும் சம்மதம்தானே" என்று கேட்பார்கள் இல்லையா, அப்போது கையைத் தூக்குங்க. குரல் நடுங்கும், நடுங்கட்டும், பவுலே கொரிந்துவில் "பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்" இருந்ததாகத்தான் எழுதியிருக்கிறார். மரியாதையாக, ஐயா என்று கூப்பிட்டே, ரசீது எங்கே என்று கேட்டுவிட்டு உட்காருங்க.