லீவை யாராவது நியாயப்படுத்துவார்களா?

போன வாரம் ஒரு மாணவியின் கடிதத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். நர்சிங் முடித்த பெண், காவேரிப்பட்டணம் பக்கம். ஜெர்மனி போவதற்காக பி2 என்ற ஜெர்மன் மொழித் தேர்வுக்குப் படிக்கிறாள். தருமபுரியில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து நான் எடுக்கும் ஆன்லைன் வகுப்பில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அன்றைய பயிற்சி இதுதான்: அக்கா கல்யாணத்துக்கு இரண்டு வாரம் விடுப்பு வேண்டும், வார்டு பொறுப்பாளருக்கு எழுது, ஏன் வேண்டும் என்றும் சொல்லு.

இவள் முதலில் இங்கிலீஷில் யோசித்திருக்கிறாள். 'ஜஸ்டிஃபை' என்று அகராதியில் தேடியிருக்கிறாள். வந்து நின்ற சொல் 'ரெஹ்ட்ஃபெர்டிகன்'. அதை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டாள். இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது. ஆனால் படிக்கிற ஜெர்மன்காரருக்கு, ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்ட பெண் தன் பக்கத்தைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறாள் என்றுதான் தோன்றும். அந்தச் சொல்லின் முன்பாதியில் இருக்கும் 'ரெஹ்ட்' சட்டம், உரிமை, சரி எல்லாவற்றுக்கும் பொதுவானது. யாரோ குறை சொல்ல, இல்லை, செய்தது சரிதான் என்று காட்டுவதுதான் ரெஹ்ட்ஃபெர்டிகன். லீவு கேட்பவளுக்கு வேண்டியது 'பெக்ருண்டன்', இன்னதனால் கேட்கிறேன் என்பது.

"லீவை நியாயப்படுத்துறேன்னு தமிழ்ல சொல்வியாம்மா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டாள். "எப்படி சார் சொல்வேன்? காரணம் சொல்றேன்னுதான் சொல்வேன்."

அவ்வளவுதான் விஷயம். நியாயப்படுத்துவது என்றாலே நமக்கு மூக்கு சுளிக்கிறது. 'செய்யறதையும் செஞ்சுட்டு நியாயப்படுத்துறியா' என்று அம்மா கேட்ட தொனி காதில் விழுகிறது. அதே சுளிப்பு அந்த ஜெர்மன் சொல்லிலும் உண்டு. அதாவது அவளுக்கு இந்த வித்தியாசம் ஏற்கெனவே தெரியும். நடுவில் புகுந்த இங்கிலீஷ்தான் மறைத்துவிட்டது. தமிழ் தெரிந்தவர்கள் இங்கிலீஷ் வழியாக ஜெர்மன் படிப்பது, தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகிறவர் சேலம் போய்ச் சுற்றி வருவது மாதிரி. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் என்ற ஜெர்மன்காரர் தமிழ் கற்றபோது இங்கிலீஷா நடுவில் நின்றது? (போர்ச்சுகீசியம் கொஞ்சம் நின்றது. சரி, அதை விடுங்கள்.)

'ரீசனபிள்' இன்னும் மோசம். ஆளுக்கும் அதே சொல், விலைக்கும் அதே, காலக்கெடுவுக்கும் அதே. ஜெர்மனில் ஆள் என்றால் 'ஃபெர்நுன்ஃப்டிக்'. அதன் வேரில் கேட்டு உணர்வது என்ற பொருள் இருக்கிறது. சொன்னால் கேட்கிற ஆள் என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வருகிறது. விலை, காலக்கெடு என்றால் பெரும்பாலும் 'அன்கெமெஸ்ஸன்'. உள்ளே உட்கார்ந்திருப்பது 'மெஸ்ஸன்', அளப்பது. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 6ஆவது பிரிவு, வழக்கை 'ரீசனபிள்' காலத்துக்குள் விசாரிக்கச் சொல்கிறது. ஜெர்மன் வடிவில் அங்கே நிற்பது இந்த அளவுச் சொல்தான். நம் அரசமைப்பின் 19(2)இல் 1951ஆம் ஆண்டு முதல் திருத்தம் சேர்த்த அதே இங்கிலீஷ் சொல்லைத் தமிழில் 'நியாயமான கட்டுப்பாடுகள்' என்கிறோம். எனக்கு அதில் கொஞ்சம் குறை உண்டு. கட்டுப்பாடு அளவு மீறக் கூடாது என்பது 'நியாயமான' என்பதில் பளிச்சென்று தெரிவதில்லை.

இங்கிலீஷை ரொம்பவும் மட்டம் தட்டிவிட்டேன். ஓர் இடத்தில் அது ஜெயிக்கிறது. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1993இல் வெளியிட்ட நூலில் 'ரேஷனல்' வேறு, 'ரீசனபிள்' வேறு என்று பிரிக்கிறார். தன் கை ஓங்கியிருக்கிறது என்று தெரிந்து ஒருவர் அடிக்கும் பேரம் முதல் வகையில் சரி, இரண்டாவது வகையில் அநியாயம். ஜெர்மன் தத்துவவாதி கான்ட் காலத்து 'ஃபெர்நுன்ஃப்டிக்' இந்த இரண்டையும் ஒரே பைக்குள் வைத்திருந்தது. அதனால் ரால்ஸை ஜெர்மனுக்குக் கொண்டுபோகிறவர் ஒன்றுக்கு 'ரட்சியோனால்' என்ற இரவல் சொல்லைக் கொடுத்துத் தனியே நிறுத்த வேண்டியிருக்கிறது.

தமிழில்? சந்தூர் பக்கம் என் மச்சானுக்கு மாந்தோப்பு இருக்கிறது. பெங்களூரா காய் ஒரே நேரத்தில் குவிந்துவிட்டால் கூழ் ஆலைக்குப் போகிற விலை சரிந்துவிடும். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாது. வாங்குகிறவர் கணக்குப்படி அது சரியான விலை. மச்சான் வாங்குகிறவரைத் திட்டவில்லை, ஒரே வரிதான் சொன்னார்: "அவரு காரியக்காரரு மாப்ள, நியாயஸ்தர் இல்ல." ரால்ஸின் இரண்டு சொற்களும் அதில் வந்துவிட்டன. நான் மறுநாளே வகுப்பில் சொன்னேன்.

பெக்ருண்டனுக்கு வருவோம். அதன் நடுவில் இருப்பது 'க்ருண்ட்'. தரை, அடி, காரணம் மூன்றும் அதுதான். காரணம் காட்டுவது என்றால் சொல்வதற்கு அடியில் தரை போடுவது. நம் 'ஆதாரம்' அப்படியே இதன் கூடப் பிறந்ததுபோல; தாங்கி நிற்பதும் அது, சாட்சியாக நீட்டுவதும் அது. ஜெர்மனில் எழுதிய தத்துவவாதி விட்கென்ஸ்டைன் தன் 'தத்துவ ஆய்வுகள்' நூலின் 217ஆவது பத்தியில், காரணங்கள் தீர்ந்த இடத்தில் கெட்டிப் பாறை வந்துவிடுகிறது, மண்வெட்டி மடங்குகிறது என்கிறார். எங்கள் மாவட்டத்தில் கிணறு வெட்டிய யாருக்கும் இதை விளக்க வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தில் அவர் முதலில் போடுவது ரெஹ்ட்ஃபெர்டிகுங், அடுத்த வாக்கியத்தில் பெக்ருண்டுங்கன்; நாம் பார்த்த இரண்டு வினைகளின் பெயர்ச்சொற்கள்தான். இங்கிலீஷில் இரண்டுமே 'ஜஸ்டிஃபிகேஷன்' ஆகிவிட்டன. பாறைக்கு மேலே இருந்த தரை, இங்கிலீஷில் படிப்பவர் கண்ணில் படுவதே இல்லை.

கடைசியாக ஒன்று. 'ட்சூமூட்பார்'. ஒருவர் தலையில் இவ்வளவு வைக்கலாம், தாங்குவார், கேட்பது தப்பில்லை என்ற பொருள். வேலை தேடுவோருக்கான ஜெர்மன் சட்டத்தில் இது முக்கியமான சொல். எந்த வேலையை மறுக்கலாம், எதை மறுக்க முடியாது என்பது இதை வைத்துத்தான். இங்கிலீஷில் இதற்கும் 'ரீசனபிள்' என்றே போட்டுவிடுவார்கள். வினைச்சொல் 'ட்சூமூட்டன்', நம் 'சுமத்து'. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை, காதில் விழுவது தற்செயல். ஆனால் வகுப்பில் சொன்னபோது ஒருவருக்கும் மறக்கவில்லை.

காவேரிப்பட்டணத்துப் பெண் கடிதத்தைத் திருத்தி அனுப்பினாள். கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது: "சார், தொடர்ந்து ஆறு நைட் ஷிப்ட் போட்டா அது ட்சூமூட்பாரா?"

அதை ஜெர்மனில் எழுதச் சொல்லியிருக்கிறேன். காரணத்தோடு.