சிவப்பழகு க்ரீம் வாங்குகிற பெண்ணைத் திட்டாதீர்கள்

"நீ இருக்கிறபடியே அழகுதான், தன்னம்பிக்கையோடு இரு" என்று பெண்களுக்கு அறிவுரை சொல்லும் பதிவுகளைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள், சரி. ஆனால் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்று தரகரிடம் சொல்லியனுப்பி, அதையே சாக்காக வைத்துக் கூடப் பத்துப் பவுன் கேட்கிற ஊரில், அவள் க்ரீம் வாங்குவது தன்னம்பிக்கைக் குறைவாலா? கருப்புக்கு நாம் விலை வைத்திருக்கிறோம், அதை அவளும் அவளைப் பெற்றவர்களும் கட்டுகிறார்கள்.

இந்த விலையை நம்பித்தான் வியாபாரமும் நடக்கிறது. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியின் விளம்பரங்கள், கருப்பாக இருந்தால் மாப்பிள்ளையும் கிடைக்காது வேலையும் கிடைக்காது, பூசினால் இரண்டும் வரும் என்று வருஷக்கணக்காக வீட்டுக்குள்ளேயே வந்து சொல்லிக்கொண்டிருந்தன. 2009-இல் சென்னையிலிருந்து பெண்கள் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்', அதாவது கருப்பும் அழகுதான், என்று குரல் கொடுத்தார்கள். அந்த க்ரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' போனதோ 2020-இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு உலகமே நிறவெறியைப் பற்றிப் பேசிய பிறகுதான். நம் பெண்கள் சொன்னபோது கேட்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்புறம், டிவியில் வராத க்ரீம்கள். மங்குக்குக் கொஞ்ச நாள் போடச் சொல்லி டாக்டர் எழுதித் தருகிற ஸ்டீராய்டு ட்யூபை, முகம் வெளுக்க என்று பெண்கள் மாதக்கணக்கில் பூசுகிறார்கள். முதலில் முகம் பளிச்சென்று ஆகும், "என்னடி போடுறே, நல்லா கலராயிட்டே" என்று நாலு பேர் கேட்பார்கள். பிறகு தோல் மெலிந்து கன்னத்தில் சிவப்பு நரம்பு ஓடும், பரு கிளம்பும், முடி முளைக்கும், அடுப்புப் பக்கம் நின்றாலே எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும், அதனால் திரும்பவும் பூசுவார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது, எங்கள் பக்கத்து மெடிக்கல்களில் இன்றும் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். 2023-இல் கேரளாவில் மலப்புறம் பக்கம் சிறுநீரகம் பாதித்து வந்த சிலரை விசாரித்தபோது, பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம் பூசியிருந்தது தெரிந்தது. முகத்துக்குப் போட்டது கிட்னி வரை போயிருக்கிறது.

பெண்ணியம் பேசுகிறவர்கள் அந்தப் பெண்ணுக்கு வகுப்பெடுப்பதை விட்டுவிட்டு, பையனைப் பெற்றவர்களிடமும் மெடிக்கல்காரரிடமும் பேச வேண்டும். "நல்ல கலரா பொண்ணு வேணும்" என்று உங்கள் வீட்டில் யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே மறித்துக் கேளுங்கள், அண்ணனோ தம்பியோ யாராக இருந்தாலும். வீட்டில் அந்த ட்யூப் இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், சட்டென்று நிறுத்தாமல் அவர் சொல்கிறபடி குறையுங்கள்.