பேனலை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் மானிட்டரில் எழுத்து மங்கினால் பேனல் (படம் தெரியும் திரைப் பகுதி) போச்சு, மாற்ற வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது அவசரத் தீர்ப்பு. காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பத்திரிகை செய்யும் டிடிபி கடைகளில் கம்ப்யூட்டரை மானிட்டரோடு இணைக்கும் பழைய விஜிஏ கேபிளை இன்னும் பார்க்கலாம். அது அனலாக், அதாவது படத்தை ஏறி இறங்கும் மின் அலையாக அனுப்புவது. அந்த அலையை மானிட்டர் அளக்கும் நேரம் (ஃபேஸ்) சரியாகப் பொருந்தாவிட்டால் 'ழ', 'ண' சுழிகளின் ஓரத்தில் நிழல் தட்டும். முதலில் விண்டோஸில் ரெசல்யூஷனை மானிட்டரின் அசல் அளவுக்கு வையுங்கள் (பெரும்பாலும் 1920×1080). பிறகு எழுத்து நிறைந்த பக்கத்தை முழுத்திரையில் திறந்து, மானிட்டர் மெனுவில் 'ஆட்டோ அட்ஜஸ்ட்' கொடுங்கள். முடிந்தால் டிஜிட்டலான எச்டிஎம்ஐ கேபிளுக்கே மாறிவிடுவது நல்லது.

எச்டிஎம்ஐயிலும் கறுப்பு சாம்பலாக வெளுத்தால், கிராபிக்ஸ் செட்டிங்கில் அவுட்புட் ரேஞ்ச் (கறுப்பிலிருந்து வெள்ளை வரை கம்ப்யூட்டர் அனுப்பும் அளவு) 'லிமிடெட்' (16–235) ஆக இருக்கலாம். 'ஃபுல்' (0–255) ஆக்குங்கள். பத்திரிகையின் அரக்குச் சிவப்பு வெளிறித் தெரிவதற்கும் இது காரணமாகலாம். வளவு வீடுகளில் முற்றத்து வெயில் திரையில் விழுந்தால் பிரைட்னஸை ஏற்றாதீர்கள், மேசையைத் திருப்பிப் போடுங்கள்.