வெற்றிடப் பம்பு வீண்செலவு அல்ல

"புதிய ஸ்பிளிட் ஏசி பூட்ட வெற்றிடப் பம்பு தேவையில்லை, வெளி யூனிட் வால்வைச் சற்றே திறந்து வாயுவைச் சீறவிட்டால் குழாயிலுள்ள காற்றுப் போய்விடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். குளிரூட்டும் வாயு வெளி யூனிட்டிலேயே நிரப்பப்பட்டு வருகிறது என்று நீங்கள் சொன்னது மட்டும் சரி.

சீறவிடுவது ஆர்22 என்ற பழைய குளிரூட்டும் வாயுவின் காலத்துப் பழக்கம், அப்போதும் அது நல்ல வேலையல்ல. பின்னர் வந்த ஆர்32, ஆர்410ஏ வாயுக்களில் ஓடும் ஏசிகளின் கம்பிரசர் எண்ணெய் ஈரத்தை வெகுவாக உறிஞ்சக்கூடியது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்காற்று வீசும் மாடியில் செப்புக் குழாய் வாய்திறந்து கிடந்தால் உள்ளே ஈரம் படியத்தான் செய்யும். வாயுவைச் சீறவிட்டால் காற்றில் ஒரு பகுதி வெளியேறலாம். குழாய்ச் சுவரில் ஒட்டிய ஈரம் அசையாது. அது எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி மோட்டாரின் சுருள்களை அரிக்கும். பம்பு அழுத்தத்தைக் குறைக்கும்போதோ, அந்த நீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடுகிறது.

இன்னொன்று: ஆர்32 தீப்பற்றக்கூடிய வாயு. எடை பார்த்து நிரப்பியதைக் காற்றில் விட்டால் குளிர்ச்சியும் குறையும்.

பூட்ட வருபவரிடம் குழாயின் அழுத்தத்தைப் பம்பால் 500 மைக்ரோனுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கச் சொல்லுங்கள். பிறகு பம்பை நிறுத்தி, பத்து நிமிடமாவது வெற்றிட மானியைப் பாருங்கள். எண் தொடர்ந்து ஏறினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது, அல்லது ஈரம் மிஞ்சியிருக்கிறது. அது நிலைத்து நின்ற பிறகே வால்வைத் திறக்க விடுங்கள்.