அந்த நூல் சீனை ஏன் வெட்டுனீங்க?

ஞாயித்துக்கிழமை நீங்க நடத்துன நாடக வாசிப்பு, நான் தமிழ்ல கொண்டுவந்த லிசிஸ்ட்ராட்டாங்கற பழைய கிரேக்க நாடகம், அதைப் பத்தி எதுவும் எழுத வேணாம்னுதான் ரெண்டு நாளா பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். நேத்து ராத்திரி போட்டோ போட்டு "அரங்கமே அதிர்ந்தது"ன்னு எழுதியிருந்ததைப் பாத்ததும் முடியல. அதிர்ந்துச்சு, இல்லைங்கல. எதுக்கு அதிர்ந்துச்சுன்னு வந்தவங்களுக்குத் தெரியும்.

லிசிஸ்ட்ராட்டான்னாலே ஏதென்ஸ்-ஸ்பார்ட்டா சண்டையை நிறுத்தச் சொல்லி பொண்டாட்டிங்க சேந்து பண்ற படுக்கை ஸ்டிரைக், அவ்வளவுதான் எல்லாருக்கும். அது பாதி நாடகம்ங்க. மிச்சப் பாதி, வயசான பொம்பளைங்க ஏதென்ஸோட மலைக்கோட்டை அக்ரோபோலிஸ்ல ஏறி அங்க இருக்கற கஜானாவைப் புடிச்சுக்கறது. போர்க்கப்பல் துடுப்புக்கு மரம் வாங்கணும், காசு எடுத்துட்டுப் போலாம்னு ஒரு அதிகாரி ஜம்முனு வந்து, கதவைத் திறக்க மாட்டேங்கறாங்கன்னு வெளியவே நிக்கறான் பாருங்க, எனக்கு நாடகமே அங்கதான். காசு இல்லன்னா கப்பல் இல்ல, கப்பல் இல்லன்னா சண்டை இல்ல. நாடகத்தை எழுதுன அரிஸ்டோஃபனிஸ் இதை கிமு 411-லயே எழுதிட்டான், நம்மாளுங்களுக்கு இன்னும் படுக்கை மட்டும்தான் தெரியுது.

அடுத்து வர்றதுதான் நீங்க "டைம் இல்ல"ன்னு வெட்டுன நூல் சீன். போரை எப்படி நிறுத்துவேன்னு அந்த அதிகாரி, பொம்பளைங்களுக்குத் தலைவியான லிசிஸ்ட்ராட்டாகிட்ட நக்கலா கேக்கறான். சிக்கு விழுந்த நூலை இழை இழையா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பிரிப்போம்ல, அதே மாதிரி தூதுவங்களை அங்கயும் இங்கயும் அனுப்பிப் பிரிப்போம்ங்கறா. இதைத் தமிழ்ல கொண்டுவர எனக்குப் பன்னெண்டு நாள் ஆச்சு. எங்க அம்மாச்சி தறிக்கு நூல் தார் சுத்துனவங்க. சிக்கு விழுந்தா கத்திரிக்கோலைத் தொட விடமாட்டாங்க, "நுனியைத் தேடுடி மொதல்ல"ம்பாங்க. ராப்பகலா நூலோட கிடந்தது அவங்க, கூலி வாங்கிட்டு வர்றது தாத்தா. அந்தக் காசு எங்க போச்சுன்னு அம்மாச்சி ஒருநாளும் கேட்டதில்ல.

"ஆம்பளை எழுதுனது, ஆம்பளைங்களே பொம்பளை வேஷம் கட்டுனது, இதுல என்ன பெண்ணியம்"னு கேப்பீங்க. நியாயம்தான், நான் எங்கயும் பெண்ணியம்னு சொல்லல. கடைசில சமாதானத்தையே ஒரு அம்மணப் பொண்ணா நிறுத்தி, ஏதென்ஸ்காரனும் ஸ்பார்ட்டாக்காரனும் அவ உடம்பை மேப் மாதிரி பங்கு பிரிக்கறதைப் படிச்சா எனக்கும் எரிச்சலாத்தான் வருது. ஆனா அந்த சீனை ஒரு வரி விடாம வாசிச்சீங்களே, அதுக்கு மட்டும் டைம் எங்கேருந்து வந்துச்சு?

அப்புறம் "காமெடிக்கு எதுக்கு இவ்வளவு சீரியஸ்"ங்கற கேள்வி. சாக்ரடீஸைக் கூடையில தொங்கவிட்டு மேகங்கள்னு இதே ஆள் நாடகம் போட்டது கிமு 423-ல. 24 வருஷம் கழிச்சு விசாரணையில நிக்கறப்ப சாக்ரடீஸ் தன் பேர் கெட்டதுக்கு அந்த நாடகத்தையும் சொல்றதா பிளேட்டோ எழுதியிருக்காரு. வெறும் காமெடியாம்.

ஆபாசம்னு நான் குறை சொல்லவே இல்லைங்க, தயவுசெஞ்சு அந்தப் பக்கம் தள்ளிவிடாதீங்க. ஆபாசம் இருக்கட்டும், தாராளமா இருக்கட்டும். ஆனா அந்த ஆபாசத்துக்குப் பக்கத்துலயே வேற ஒண்ணு இருக்கே. "புள்ளை பெத்து சிப்பாயா அனுப்பறது நாங்க"ன்னு லிசிஸ்ட்ராட்டா ஆரம்பிக்கறா, "பேசாதே, பழசைக் கிளறாதே"ன்னு அதிகாரி வாயடைக்கறான். சிசிலித் தீவுக்குச் சண்டைக்குப் போன ஏதென்ஸ் படை மொத்தமா அழிஞ்சு ரெண்டே வருஷம் ஆகியிருந்துச்சு. கூட்டத்துல உக்காந்து கேட்டவன்ல எத்தனை பேர் மகனைப் பறிகொடுத்தவனோ. சண்டைக்குப் போன ஆம்பளை கிழவனா திரும்பி வந்தாலும் அவனுக்குச் சின்னப் பொண்ணு கிடைப்பா, பொண்ணுக்குக் காலம் கொஞ்சம்தான்னு அடுத்து சொல்வா. அதையும் வெட்டிட்டீங்க.

சபையில என்ன முடிவு பண்ணீங்கன்னு கேட்டா, பேசாம நூலை நூலு, இல்லன்னா மண்டையில போடுவேன்னு புருஷன் மிரட்டுவானாம், லிசிஸ்ட்ராட்டா சொல்றா. என்னை யாரும் மிரட்டல, பொய் சொல்லக்கூடாது. வெட்டுன பக்கத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஏன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்ச முகமாத்தான் இருந்தாங்க. "அப்புறம் பேசலாம் மேடம், டீ வந்துச்சான்னு கொஞ்சம் பாத்துடுங்களேன்."

போய்ப் பாத்தேன். வந்திருந்துச்சு.